கொள்ளைநோய்க் காலத்தில் பிள்ளைகளின் கால்நடைக் காட்சி

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கோவிட் என்னும் கொள்ளைநோய் உலகெங்கும் பரவத் தொடங்கியபோது, மக்கள் கூடும் விழாக்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக நின்று போயின. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் அந்நாட்களை மறந்திருக்க மாட்டா. பிள்ளைகளின் அரங்கேற்றங்களும் நாடகங்களும் பேச்சுப் போட்டிகளும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. அதனால் மன வருத்தம் உண்டாயிற்றே அன்றிக் கற்றது கைவிட்டுப் போய்விடவில்லை. இந்த ஆண்டில் பயின்ற கீர்த்தனத்தை அடுத்த ஆண்டிலும் பாடலாம்.

ஆனால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க இயலாத ஒன்றை வளர்த்து வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் எண்ணற்ற பிள்ளைகள் அந்த ஆண்டில் செய்வதறியாது நின்றார்கள். அவர்கள் வளர்த்தவை கன்றுகளும் ஆடுகளும் பன்றிகளும் ஆகும். அந்தப் பிள்ளைகளின் உழைப்பு வீணாகாமலும், காட்சிக்கு வருவோர் எவருக்கும் நோய் பரவாமலும் கால்நடைக் காட்சிகளை நடத்துவது எப்படி என்ற கேள்வி அந்நாட்டுப் பெரியவர்கள் முன் எழுந்தது. அதற்கு அவர்கள் கண்ட விடை, பிள்ளைகளைக் கொண்டு விழா நடத்தும் எந்தச் சங்கத்துக்கும் பயன்படத்தக்கது. ஆகவே அதனை இங்கே சற்று விரிவாக எடுத்துக் கூற முற்படுகிறோம்.

பிள்ளைகளும் பிராணிகளும்

அமெரிக்க நாட்டுப்புறத்தில் 'ஃபோர் எச்' என்ற பெயருடைய இளைஞர் இயக்கம் ஒன்று உண்டு. தலை, இதயம், கை, ஆரோக்கியம் ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் 'எச்' என்ற எழுத்தில் தொடங்குவதால் அதற்கு இப்பெயர் வாய்த்தது. 1902-ஆம் ஆண்டில் ஓஹியோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில், ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளி அதிகாரி கிராமப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஒரு சிறு சங்கத்தையே இதன் வித்தாகக் கொள்கிறார்கள். விவசாய அறிவைக் கல்லூரியிலிருந்து கிராமத்துக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு 1914-ல் ஸ்மித்–லீவர் சட்டம் பிறந்தது. அதன் பின்னர் மாநில விவசாயக் கல்லூரிகளின் ஆதரவில் இவ்வியக்கம் நாடெங்கும் வேரூன்றியது. பள்ளியில் விவசாயம் பயிலும் மாணவர்களுக்கென 1928-ல் கான்ஸாஸ் ஸிட்டியில் 'எஃப். எஃப். ஏ.' என்ற மற்றொரு ஸ்தாபனமும் தோன்றிற்று.

இவ்விரண்டிலும் சேர்ந்த பிள்ளை ஓர் இளங்கன்றையோ குட்டியையோ தானே வளர்க்கத் தொடங்குகிறது. அதிகாலையில் எழுந்து தீவனம் வைப்பதும், தண்ணீர் காட்டுவதும், தொழுவத்தைக் கூட்டுவதும், தீவனச் செலவைக் கணக்கில் எழுதுவதும் அப்பிள்ளையின் பொறுப்பு. தலைக்கயிறு பூட்டி நடக்கப் பழக்குவதற்கே பல மாதங்கள் ஆகும். பிறகு கோடையில் நடக்கும் கவுண்டிக் காட்சிக்கோ, மாநிலப் பெருங்காட்சிக்கோ பிராணியை அழைத்துச் செல்கிறார்கள். அங்கே அனுபவம் மிக்க நடுவர் ஒருவர் பிராணிகளை நிறுத்தியும் நடத்தியும் தொட்டும் பார்த்து, எது முதல், எது இரண்டாவது, ஏன் அப்படி என்று ஒலிபெருக்கியில் காரணத்தோடு கூறுவார். பிராணியின் தகுதிக்குப் பரிசு ஒன்று. அதனைப் பிள்ளை கையாளும் திறமைக்குப் பரிசு வேறு.

பல காட்சிகள் ஏலத்தோடு முடிவடையும். ஊர் வியாபாரிகளும் நிறுவனத்தாரும் சந்தை விலைக்கு மேலாகக் கொடுத்து அப்பிராணிகளை வாங்கிப் பிள்ளைகளை ஊக்குவிப்பது வழக்கம். அந்தப் பணத்தைக் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்து வைப்போர் பலர். இறைச்சிக்காக வளர்க்கப்பட்ட பிராணியாயின் அன்றே அதைப் பிரிய வேண்டும். கண்ணீர் விடாமல் பிரியும் பிள்ளைகள் குறைவு.

அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடிச் சந்தையையும், காங்கேயம் மாடுகளுக்குப் பேர்பெற்ற கண்ணபுரம் சந்தையையும் கண்டவர்களுக்கு இக்காட்சிகளின் ஆரவாரத்தை ஊகிப்பது கடினமன்று. ஆயினும் நம் சந்தைகளில் மாட்டைப் பிடித்து நிற்பவர் பெரியவர். அங்கே கயிறு பிள்ளையின் கையில் இருக்கிறது. வேற்றுமை அதுவே.

தள்ளிவைக்க முடியாத காரணம்

2020 மார்ச்சு 11-ஆம் நாள், டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் நடந்துகொண்டிருந்த பெருங்கால்நடைக் காட்சி, நகர அதிகாரிகளின் உத்தரவால் பாதியில் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் வசந்தத்திலும் கோடையிலும் நடக்கவிருந்த காட்சிகள் பல கைவிடப்பட்டன. இரண்டாம் உலக யுத்த காலத்துக்குப் பிறகு தடையின்றி நடந்துவந்த அயோவா மாநிலப் பெருங்காட்சியும் அவ்வாண்டு நடைபெறாதென்று ஜூன் மாதத்தில் முடிவாயிற்று.

"அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று அந்தப் பிள்ளைகளிடம் கூற முடியவில்லை. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பிறந்த பன்றிக்குட்டி ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஏறத்தாழ 125 கிலோ எடையை எட்டிவிடும். அந்தப் பருவத்தில் அது நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றே குறைய எடை கூடுகிறது. காட்சியை ஒரு மாதம் தள்ளிவைத்தால் இருபத்தைந்து கிலோ கூடிக் கொழுப்பேறிப் போட்டிக்குரிய எடை வரம்பைத் தாண்டிவிடும். காயடித்து வளர்க்கும் காளைக்கன்று ஏறக்குறைய ஒன்றரை வயதில் 600 கிலோ எடையோடு தயாராகிறது. மேலும் ஓராண்டு வைத்திருந்தால் தீவனச் செலவைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது. பிள்ளைக்கும் வயது வரம்பு உண்டு. பள்ளியின் இறுதி வகுப்பில் இருந்தவர்களுக்கு அடுத்த ஆண்டு என்பதே இல்லை.

இந்தத் துன்பம் போதாதென்று மற்றொன்றும் வந்து சேர்ந்தது. 2020 ஏப்ரல் மாதத்தில் தெற்கு டகோட்டாவிலும் அயோவாவிலும் தொழிலாளர்களுக்குத் தொற்று பரவியதால், பெரிய பன்றி இறைச்சித் தொழிற்சாலைகள் சில வாரங்கள் மூடிக் கிடந்தன. பெரும் பண்ணைக்காரர்களே தம் பன்றிகளை அனுப்ப இடமின்றித் திகைத்தபோது, ஒன்றிரண்டு பன்றி வளர்த்த பிள்ளை எங்கே போகும்? காட்சி இல்லையேல் ஏலம் இல்லை. ஏலம் இல்லையேல் வாங்குவாரும் இல்லை என்ற நிலை உண்டாயிற்று.

முன்னரே பெற்றிருந்த அனுபவம்

அதிர்ஷ்டவசமாக, கால்நடைக் காட்சி நடத்துவோருக்குத் தொற்றுநோய் முற்றிலும் புதியதன்று. 2012-ஆம் ஆண்டுக் கோடையில் பன்றிகளிடையே உலவிய ஒருவகை இன்ஃபுளுயென்ஸா, காட்சிக் கொட்டகைகளின் வழியாக மக்களைத் தொற்றியது. அவ்வாண்டு கண்டறியப்பட்டோர் 309 பேர். ஓஹியோ, இந்தியானா மாநிலங்களில் எண்ணிக்கை மிகுதி. அவர்களில் பெரும்பாலோர் காட்சிகளில் பன்றிகளோடு பழகிய பிள்ளைகளே ஆவர்.

அன்று முதல் சில கட்டுப்பாடுகள் பரிந்துரைக்கப்பட்டன. பன்றிகளைக் காட்சி நிலத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. கொட்டகைக்குள் உண்பதும் பருகுவதும் கூடாது. வெளியே வரும்போது கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பன்றிக் கொட்டகைக்குள் அழைத்துச் செல்லலாகாது. 2015-ல் பறவைக் காய்ச்சல் பரவியபோதோ அயோவா போன்ற மாநிலங்களில் கோழி, வாத்து முதலியவற்றைக் காட்சிக்குக் கொண்டுவருவதே தடுக்கப்பட்டது. சில இடங்களில் பிள்ளைகள் உயிருள்ள கோழிக்குப் பதிலாகப் பொம்மையை வைத்துக்கொண்டு, அதனைப் பிடிக்கும் முறையையும் சிறகை விரித்துக் காட்டும் முறையையும் நடுவருக்கு விளக்கினார்கள். கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றினும் அதில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. பிராணி வர இயலாவிடினும் பிள்ளை கற்றதைச் சோதிக்கலாம் என்பதே அது.

கோவிட் நோயின் தன்மை வேறு. ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் லோஃப்ளர் நிலையத்தில் 2020-ல் நடந்த சோதனைகளில் பன்றிகளையும் கோழிகளையும் அந்நோய் பற்றவில்லை. மாடுகளையும் மிகச் சிறிதளவே பற்றியது. ஆகவே தொழுவத்தில் அபாயம் பிராணியிடமிருந்து வரவில்லை. பிராணியைச் சூழ்ந்து நின்ற மனிதர்களிடமிருந்தே வந்தது. இதனை உணர்ந்துகொண்டதும் செய்ய வேண்டியது தெளிவாயிற்று. பிராணிகளையும் பிள்ளைகளையும் வரவழைத்துக் கூட்டத்தைக் குறைக்க வேண்டும்.

வந்து, காட்டி, திரும்புதல்

வழக்கமான காட்சி பல நாட்கள் நீடிக்கும். குடும்பங்கள் கொட்டகையிலேயே கட்டில் போட்டுத் தங்கும். ஒன்றாகச் சமைத்து உண்ணும். ராட்டினமும் தின்பண்டக் கடையும் பாட்டுக் கச்சேரியும் திரளான ஜனங்களைக் கவரும். 2020-ல் நடந்த காட்சிகள் பலவற்றில் இவை யாவும் நீக்கப்பட்டன. பிராணியை ஏற்றிய டிரெய்லர் காலையில் வரும். பிள்ளை களத்தில் இறங்கிக் காட்டும். முடிந்ததும் மீண்டும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும். ஒரு நாள் பன்றி, மறுநாள் ஆடு, அதற்கடுத்த நாள் மாடு என்று பிரித்துக் கொண்டதால் ஒரே சமயத்தில் பலர் கூட நேரவில்லை.

அயோவாவில் பெருங்காட்சி நின்றபோதிலும், ஆகஸ்டு மாதத்தில் பிள்ளைகளுக்கு மட்டுமான கால்நடைப் போட்டிகள் இத்தகைய ஏற்பாட்டில் நடந்தேறின. டெக்ஸாஸ் மாநிலப் பெருங்காட்சியும் அவ்வாண்டு ரத்தாயிற்று. எனினும் பொதுமக்களை அனுமதியாமல் பிள்ளைகளின் கால்நடைக் காட்சியை மட்டும் டல்லஸ் நகரில் நடத்தினார்கள். 2021 மார்ச்சில் ஹூஸ்டனிலும் அப்படியே நடந்தது.

களத்தில் கைக்கொண்ட முறைகள் எளியவை. ஆனால் நுணுக்கமாக எண்ணிச் செய்தவை. பதிவுத் தாள்களும் கால்நடை வைத்தியரின் சான்றிதழும் முன்கூட்டியே பெறப்பட்டன. வாயிலில் வரிசை நிற்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பிள்ளையோடு குடும்பத்தினர் இத்தனை பேர் மட்டுமே வரலாம் என்று எண்ணிக்கை வகுத்தார்கள். பிராணிகளைக் கொட்டகையில் நெருக்கிக் கட்டுவதற்குப் பதிலாக அவரவர் வண்டியோரத்திலேயே கட்டினார்கள். அல்லது இரு குடும்பங்களுக்கிடையில் ஓர் அடைப்பைக் காலியாக விட்டார்கள். சீப்பும் தூரிகையும் மயிர் கத்தரிக்கும் கருவியும் ஒருவரிடமிருந்து மற்றொருவர் கடன் வாங்கலாகாது என்று விதித்தார்கள்.

வட்டக் களத்தில் ஒரு சமயத்தில் இறங்கும் பிள்ளைகளின் தொகையையும் குறைத்தார்கள். 6 அடி இடைவெளி வேண்டும் என்ற விதியை மாட்டுப் போட்டியில் கடைப்பிடிப்பது எளிதாக இருந்தது. மாட்டின் நீளமே அந்த இடைவெளியைத் தந்துவிடும். பன்றிகளோ கயிறின்றித் திரிபவை. இஷ்டப்படி ஓடிப் பிள்ளைகளை ஒன்றுசேர்த்துவிடும். ஆதலால் அங்கே எண்ணிக்கையைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. முதற்பரிசு பெற்ற பிள்ளையின் கையைக் குலுக்குவது நடுவரின் நெடுநாளைய வழக்கம். அவ்வாண்டில் அது கைவிடப்பட்டது. ரிப்பனும் கோப்பையும் மேஜைமீது வைக்கப்பட்டிருக்கும், பிள்ளையே எடுத்துக்கொள்ளும். வெளியே முகக்கவசம் கட்டாயமாயிருந்த சில இடங்களில், களத்துக்குள் மட்டும் தளர்த்தினார்கள். கோடை வெயிலில் 600 கிலோ எடையுள்ள பிராணியை அடக்கி நடத்தும் பிள்ளைக்கு மூச்சுத் திணறினால், ஓர் அபாயத்தைத் தவிர்க்கப் போய் மற்றொன்றை விலைக்கு வாங்கியது போலாகும் அல்லவா?

வீட்டிலிருந்தே போட்டி

நேரில் கூடவே இயலாத இடங்களில் வீடியோ மூலம் போட்டி நடந்தது. பிராணியை முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கத்திலிருந்தும் படமெடுத்து, நடக்கும் விதத்தையும் பதிவு செய்து அனுப்ப வேண்டும். நடுவர் தம் இடத்திலிருந்தே பார்த்துத் தீர்ப்பையும் காரணங்களையும் பேசி அனுப்பினார். ஏலமும் இணையத்தின் வாயிலாக நடைபெற்றது.

இம்முறையின் குறைகளை மறைப்பதற்கில்லை. ஆட்டின் விலாவிலும் முதுகிலும் கைவைத்து அழுத்திப் பார்த்தே தசையும் கொழுப்பும் எவ்வளவென்று நடுவர் அறிவார். படத்தில் அது தெரியாது. காமிராவை வைக்கும் கோணத்தால் குட்டையான கால் நெட்டையாகத் தோன்றும். இணைய வசதி குன்றிய கிராமத்துப் பிள்ளைக்கு வீடியோ அனுப்புவதே பெரும்பாடு. இவற்றைக் காட்டிலும் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. கொட்டகையில் பல நாட்கள் தங்கும்போது, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கயிறு பிடிக்கவும் மயிர் வாரவும் கற்றுக்கொடுக்கும். அந்தக் கல்வியை வண்டியோரத்திலும் பெற முடியவில்லை. வீடியோவிலும் பெற முடியவில்லை. ஆகவே அவ்வாண்டுக் காட்சிகள் பழைய காட்சிகளுக்கு நிகரானவை என்று நாம் கூற மாட்டோம். அவை நடவாமற் போயிருந்தால் விளைந்திருக்கும் இழப்பு இதனினும் பெரிது என்றே கூறுகிறோம்.

நம் நாட்டிலும் கண்டவை

இத்தகைய ஆலோசனைக்கு நம் நாட்டிலும் இடம் நேர்ந்தது. 2021 பொங்கலை ஒட்டி ஜல்லிக்கட்டு நடத்தத் தமிழ்நாட்டு அரசு அனுமதியளித்தபோது, வீரர்கள் 300 பேருக்கு மிகாமலும், பார்வையாளர் இடத்தின் அளவில் பாதிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்றும், வீரர்கள் தொற்று இல்லை என்ற சான்று காட்ட வேண்டும் என்றும் விதித்தது. ராஜஸ்தானத்தில் புஷ்கர் மேளா 2020-ல் கோவிட் காரணமாக நடைபெறவில்லை. 2022-ல் மாடுகளிடையே தோல் கழலை நோய் பரவியது. அப்போது புனித நீராடலையும் வழிபாட்டையும் நிறுத்தாமல், கால்நடைச் சந்தையை மட்டும் விலக்கினார்கள். முந்தியதில் அபாயம் மனிதக் கூட்டத்தால். பிந்தியதில் பிராணிக் கூட்டத்தால். எது வழியாக நோய் வருகிறதோ அதனை மட்டும் தடுத்து, ஏனையவற்றைக் காப்பதே அறிவுடைமை.

இவ்விஷயம் பழங்கதையாகி விடவும் இல்லை. 2024 மார்ச்சு மாதத்தில் அமெரிக்கக் கறவை மாடுகளிடையே பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. அவ்வாண்டுக் கோடையில் அயோவா, மின்னஸோட்டா முதலிய மாநிலங்களில், பால் கறக்கும் மாடுகளைச் சோதித்து, நோய் இல்லை என்று தெரிந்த பின்னரே காட்சிக்கு அனுமதித்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் பெற்ற பழக்கம் அப்போதும் கைகொடுத்தது.

நாம் கொள்ள வேண்டுவது

அடுக்கு மாடி வீடுகளில் வாழும் நம் பிள்ளைகள் கன்று வளர்ப்பது அரிது. மாட்டுப் பொங்கலன்று கோலத்தில் எழுதிய மாட்டையே பலரும் காண்கிறார்கள். ஆயினும் பாட்டும் பரதமும் திருக்குறள் ஒப்புவித்தலும் பயிலும் பிள்ளையின் ஓராண்டு உழைப்பும், கன்று வளர்த்த பிள்ளையின் உழைப்பைப் போன்றதே. நம் நிர்வாகக் குழுக்கள் இடர் நேர்ந்த காலத்தில், "விழா உண்டா, இல்லையா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு இருபுறமும் வாதிட்டுக் களைத்துப் போகின்றன. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

இவ்விழாவில் எது இன்றியமையாதது, எது அலங்காரம்? எது காத்திருக்கும், எது காத்திருக்காது? அபாயம் எங்கிருந்து வருகிறது: மேடையிலிருந்தா, உணவுப் பந்தியிலிருந்தா, காற்றோட்டமில்லாத மண்டபத்திலிருந்தா? வயது முதிர்ந்த தொண்டர்களுக்கு வீட்டிலிருந்தே ஆற்றத்தக்க பணி எது? வர இயலாத பிள்ளை பங்குபெற என்ன வழி? யாரேனும் நோயுற்றால் விழாவை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? இவற்றை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் சங்கம், நெருக்கடி வந்தபோது பதறாது.

பந்தியை விடலாம், பொன்னாடையை விடலாம், தலைமை உரையைச் சுருக்கலாம். ஆனால் ஓராண்டு உழைத்த பிள்ளை, விஷயம் அறிந்த ஒருவர் முன்னிலையில் தன் உழைப்பைக் காட்டி, அவர் வாயால் நிறை குறை கேட்டுத் திரும்பும் அந்தச் சில நிமிஷங்களை இயன்றவரை விடலாகாது. அதற்கொரு பத்திரமான வழியைத் தேடித் தருவது பெரியவர்களின் கடமை. நம் சங்கத்துக் குடும்பங்கள் இதனை மனத்தில் கொண்டு, நோயற்ற இந்நாட்களிலேயே கூடி ஆலோசித்து வைப்பது நலம் என்பது நம் விண்ணப்பம்.